மலை ஏறிய மொச்சைக் குழம்பு

தமிழ்நாட்டிலேயே டீசலில் மொச்சை வேகவைத்த ஒரே மனிதர் கொதி அண்ணன்தான். வேறு யாராவது இருந்தால் வாசகர்கள் எழுதித் தெரிவிக்கலாம். ஆனால் நான் நம்ப மாட்டேன்.

அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் கரியாலூருக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளம் வாங்கும் நாளைத் தவிர அது வேறு எதற்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை. ஏறும் ஒவ்வொரு வளைவிலும் அவர் கண்டக்டரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இன்னாய்யா, கொதி வந்துச்சா?" அதனால் மலைக்கும் தரைக்கும் அவர் கொதி அண்ணன்.

எங்கள் பக்கத்துப் பழைய பஸ்களில் இன்ஜின் டிரைவருக்கு இடது பக்கம், பெட்டி போன்ற ஒரு பானட்டுக்குள் இருக்கும். மற்ற டிரைவர்கள் பானட்டின்மேல் துண்டு, வெற்றிலைப் பொட்டலம், தெரிந்த பெண்களின் கூடை ஆகியவற்றை வைப்பார்கள். கொதி அண்ணன் பானட்டுக்கு உள்ளே குழம்பு வைத்தார். புகை போகும் குழாயை ஒட்டி இரும்புப் பட்டையில் ஒரு வளையம் பற்றவைத்து, அதில் ஒரு பெரிய பித்தளைத் தூக்கை இறக்கி, மூடி எகிறாமல் டயர் டியூப்பை வெட்டிக் கட்டியிருப்பார். விடியற்காலையில் வீட்டிலேயே வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் எல்லாம் வதக்கி, ஊறிய மொச்சையையும் கொள்ளையும் போட்டுத் தண்ணீர் ஊற்றி எடுத்து வருவார். மீதி வேலையை மலை பார்த்துக்கொள்ளும்.

மலை என்றால் சும்மா இல்லை. மார்கழி மாதத்தில் கரியாலூரில் காலை ஒன்பது மணிக்கு வாயைத் திறந்தாலும் புகை வரும். காதில் துண்டு கட்டாமல் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் ஒன்று வெளியூர்க்காரர், அல்லது அரசாங்க அதிகாரி. அந்தக் குளிரில் ஒரு கிண்ணம் கெட்டிக் குழம்பு தொண்டை வழியாக இறங்கினால்தான் கை விரல் மடங்கும் என்பது கொதி அண்ணனின் கட்சி. "ஸ்வெட்டரு வெளிய சூடு குடுக்கும். கொள்ளு உள்ள சூடு குடுக்கும். நீ எந்தப் பக்கம் உசுரோட இருக்கணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்பார்.

எந்த இடத்தில் எது வேக வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. கச்சிராயபாளையத்தில் பூண்டு வாசம் எழும்ப வேண்டும். கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கொதி வர வேண்டும். பாதி மலையில் கருணைக்கிழங்கைப் போட வேண்டும். புளி அதற்கும் மேலே. புளியை முன்னாலேயே ஊற்றிவிட்டால் மொச்சை முறைத்துக்கொண்டு வேகாமல் நிற்கும். வண்டியில் தூங்கி எழுந்த ஆட்கள் ஜன்னலைப் பார்த்து ஊரைத் தெரிந்துகொள்வதில்லை.

"எங்க வந்துக்கினு கீறோம்?"

"இப்பதான் பூண்டு. தூங்கு தூங்கு."

உப்பு கடைசியில். கடைசி என்பது கரியாலூருக்கு முன்னால் உள்ள பெரிய வளைவு. அங்கே டிரைவரின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தாக வேண்டும். அதனால் உப்புப் போடும் வேலை கண்டக்டருக்கு. கண்டக்டர் பயந்த சுபாவம். அவருடைய உப்பும் பயந்த உப்பு. கொதி அண்ணன் குழம்பில் எல்லாம் இருக்கும், உப்பு மட்டும் கொஞ்சம் கம்மியாக இருக்கும். இதை அவரிடம் சொல்லும் தைரியம் எவருக்கும் இல்லை.

ஒரே ஒருவர் சொன்னார். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒருநாள் கச்சிராயபாளையத்தில் திடீரென்று வண்டியில் ஏறினாராம். டிக்கெட்டைப் பார்க்க வந்தவர் மூக்கைத் தூக்கினார்.

"இன்னாய்யா வாட இது? பூண்டு வாட?"

"மலையில பூண்டு போட்டிருக்காங்க சார். காத்துல வருது."

"மல இன்னும் வரவே இல்லியேய்யா!"

"காத்து முன்னாடியே வந்துடுச்சி சார்."

அந்த நேரம் பார்த்துத் தூக்கின் மூடி டக் டக் என்று ஆடியது. இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்தார்.

"இது இன்னாது?"

"மீட்டரு சார். வண்டி சூடு பாக்குற மீட்டரு ரிப்பேரு. அதுக்கு பதிலு இது. கொதிச்சா சூடு ஜாஸ்தி, கொதிக்கலன்னா சூடு கம்மி."

அணையோடு இறங்க வேண்டிய இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. மீட்டரைச் சோதிப்பதற்காகக் கரியாலூர் வரைக்கும் வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மீட்டரை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "மீட்டருல உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுக் கீழே போகும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். மெமோ வரவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகக் கொதி அண்ணன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லையாம். மெமோ வந்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பார்.

இதெல்லாம் நான் பிறகு கேள்விப்பட்டது. நான் அவருடைய வண்டியில் முதன்முதலாக ஏறிய நாளில் எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்று சாயங்காலத்துக்குள் நான் கரியாலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராகக் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் அந்த வேலை பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும் என்பதுதான்.

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். அப்பா குத்தகை நிலத்தில் உழுகிறவர். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். இதை நான் அடிக்கடி சொல்வேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெருமைப்படுகிற விஷயத்தை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்த எனக்கு வராது.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்த சமயம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிடுவார்கள். பஸ் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ஆர்டர் வந்த பிறகு இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் பாதி வழியில் திரும்பினேன். கடைசி நாள் காலையில்தான் மலை பஸ் கிளம்புவதாகச் செய்தி வந்தது. அப்பா கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்து, ஜன்னல் வழியாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "போய்ச் சேந்துடும்மா."

கஞ்சி போட்ட புதுப் புடவை. கையில் தகரப் பெட்டி. பனி மூடிய காலை. பல் கிட்டிக்கொண்டு வந்ததால், சூடாக இருக்கட்டும் என்று பானட்டின்மேல் உட்காரப் போனேன்.

"யம்மா! யம்மா! அதுல குந்தாத! அது அடுப்பு!"

நான் துள்ளி எழுந்தேன். அடியில் ஏதோ உஸ் என்று இரையும் சத்தம். மூடி இடுக்கிலிருந்து ஆவி.

"ஐயோ, வண்டி எரியுது!" என்று கத்திவிட்டேன்.

பஸ் முழுக்கச் சிரித்தது. காதில் சாம்பல் நிறத் துண்டு, மீசையில் பனித்துளி, வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்கும்படி உட்கார்ந்திருந்த டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. மிகவும் வருத்தப்பட்டார்.

"எரியுதா? குழம்ப பாத்து எரியுதுன்றியே, படிச்ச பொண்ணா நீ?"

படித்த பெண் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சர் டிரெய்னிங் முடிச்சிருக்கேன். இன்னிக்கி வேலையில சேரப் போறேன். எங்க வூட்ல மொதமொதல்ல படிச்சது நான்தான்" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். அந்தாண்ட சீட்ல குந்து. கருணைக்கெழங்கு மூட்டைய மிதிக்காத."

பக்கத்தில் நின்ற கண்டக்டரைப் பார்த்தேன். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, ஒரு கையில் டிக்கெட், மறு கையில் நீளமான கரண்டி. மார்கழியில் ஏன் குழம்பில் எலும்பு இல்லை என்று பின்னால் ஒருநாள் கொதி அண்ணனிடம் கேட்டேன். "அந்தாளு மால போட்டுக்கினு கிண்டுறாரு. அதுல எலும்பப் போட்டா அவரு எங்கம்மா போவாரு?" என்றார். மற்ற மாதங்களில் நெஞ்செலும்புதானாம்.

வண்டி கச்சிராயபாளையம் தாண்டியது. சரியாகப் பூண்டு வாசம் வந்தது. அணை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால், சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது.

மரத்தின்மேல் பத்துப் பதினைந்து இளைஞர்கள். விடியலுக்கு முன்னாலிருந்து அங்கேயே இருக்கிறார்கள் போல. போர்வைக்குள் கையை விட்டுக்கொண்டு, உதடு வெளுத்து, கோஷம் போட்டால் கோஷத்தோடு ஆவியும் வந்தது. அவர்களுக்குத் தலைவர் போல ஒருவர், கழுத்தில் பச்சை மப்ளர், கையில் வாட்ச். அவர் பெயரை அன்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அவர் மப்ளர்தான்.

"வண்டிய ஆஃப் பண்ணு" என்றார் மப்ளர்.

"ஆஃப் பண்ண முடியாதுப்பா."

"ஏன் முடியாது?"

"மொச்ச பாதி வேக்காட்டுல கீது."

மப்ளருக்குப் புரியவில்லை. பஸ்ஸை நிறுத்தினால் டிரைவர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், சாவியைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். மொச்சை பற்றி அதுவரை ஒருவரும் பேசவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. சூரியன் உச்சிக்கு வந்தது. கொதி அண்ணன் இன்ஜினை நிறுத்தவும் இல்லை, யாரோடும் சண்டைக்குப் போகவும் இல்லை. அடிக்கடி பானட்டைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். கடைசியில் ஆர்டரைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அண்ணே, இன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள நான் வேலைல சேரணும். இல்லன்னா வேல போயிடும். எங்க வூட்ல மொதமொதல்ல படிச்சது நான்."

மப்ளர் ஆர்டரை வாங்கி, தலைகீழாகப் பிடிக்காமல் சரியாகப் பிடித்து, முழுக்கப் படித்தார்.

"எங்க வூட்ல நான் பத்தாவது வரைக்கும் படிச்சேம்மா. அதுக்கு மேல எடம் கெடைக்கல. அதுக்குத்தான் இங்க வந்து குந்திக்கினு கீறேன்."

"நீங்க கேக்குறது கெடைச்சா, உங்க தங்கச்சியும் ஒருநாள் இதே மாதிரி ஆர்டர் வாங்கிக்கினு இந்த வழியா வருமில்ல? அன்னிக்கி குறுக்க மரம் கெடந்தா அதுக்கு எப்படி இருக்கும்?"

டிரெய்னிங்கில் பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கியவள் நான். பிரமாதமாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே தோன்றியது. கூட்டத்தில் இரண்டு பேர் தலையைக்கூட ஆட்டினார்கள்.

"நல்லாத்தான் பேசுறே" என்றார் மப்ளர், காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தபடி. "ஆனா சாயந்தரம் வரைக்கும் பஸ் போவக்கூடாதுன்றது எல்லாருமா எடுத்த முடிவு. நான் ஒருத்தன் மாத்த முடியாது."

அந்த மனிதர் மரியாதையாகத்தான் சொன்னார். அதனால் கோபப்படவும் வழியில்லை. நான் போய் மரத்தின் அடிப்பாகத்தில் உட்கார்ந்தேன். அப்பாவின் 'போய்ச் சேந்துடும்மா' காதில் கேட்டது. அழுகை வருமோ என்று பயமாக இருந்தது.

அப்போது கொதி அண்ணன் பானட்டை முழுசாகத் திறந்து, டியூப்பை அவிழ்த்து, மூடியை எடுத்தார்.

என் பேச்சு செய்யாததை அந்த ஆவி செய்தது. பூண்டும் மிளகும் கொள்ளும் சேர்ந்த வாசம் குளிர்காற்றில் மரத்தின் நுனி வரைக்கும் போனது. கோஷம் பாதியில் நின்றது. போர்வைகள் ஒவ்வொன்றாக எழுந்து பஸ்ஸைச் சுற்றி வந்தன.

"இன்னாண்ணே அது?"

"மொச்சக் கொழம்பு. கொள்ளு போட்டது."

"ஒரு வாயி குடேன்."

கொதி அண்ணன் ஒரு மொச்சையைக் கரண்டியில் எடுத்து நீட்டினார். வாங்கியவர் கடித்தார். கடக் என்று சத்தம் கேட்டது.

"கல்லு மாதிரி கீதே!"

"பின்ன? தரையில நிக்க வெச்சா இன்ஜினு சூடாவுமா? ஏத்தத்துல ஃபர்ஸ்ட் கியர்ல மொனகிக்கினு போவணும். அப்பதான் வேவும். நீங்க இங்கயே நிக்க வெச்சா பொங்கல் வரைக்கும் இது கல்லுதான்."

"வேற அடுப்புல வெச்சா?"

கொதி அண்ணன் அந்தப் பையனைப் பார்த்த பார்வையில் அவன் போர்வைக்குள் போய்விட்டான்.

கூட்டம் தனியாகப் போய்ப் பேசியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத கூட்டம். காரசாரமாகப் பேசியது. முடிவை மாற்ற முடியாது என்றார் மப்ளர். முடிவை மாற்றவே வேண்டாம் என்றார் ஒல்லியான ஒருவர், பெரிய வக்கீல் மாதிரி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு.

"பஸ் போவக்கூடாதுன்னுதான முடிவு? அடுப்பு போவக்கூடாதுன்னு முடிவு இல்லியே?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"பஸ்ஸு போவல. அடுப்பு மேல போவுது, வெந்ததும் கீழ வந்துடுது. அவ்ளோதான்."

"அப்ப உள்ள கீற ஜனம்?" என்று மப்ளர் கேட்டார். "அடுப்புல இன்னாத்துக்கு ஜனம்? எறக்கி வுடு."

நான் பதறி எழுந்தேன். கொதி அண்ணன் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்:

"ஆளு எறங்குனா பாரம் கம்மி. பாரம் கம்மின்னா இன்ஜினு சூடு கம்மி. சூடு கம்மின்னா மொச்ச வேவாது. அப்பறம் என்னக் கேக்காதீங்க."

இப்படியாக நாங்கள் அத்தனை பேரும் விறகு ஆனோம். வேலையில் சேர ஆர்டர் வாங்கியவள், சந்தைக்குப் போய்த் திரும்பும் மலைக்காரர்கள், தாலி கட்ட நாள் குறித்துவிட்டு வந்த ஒரு மாப்பிள்ளை, எல்லோரும் விறகு. பஸ் இல்லை என்பதற்கு அடையாளமாக முன்னால் இருந்த 'கரியாலூர்' பலகையைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். ஹாரன் அடிக்கக் கூடாது என்றார்கள்; அடுப்புக்கு ஏது ஹாரன்? குழம்பு ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று பார்க்க மப்ளரே காவலுக்கு ஏறினார்.

மறித்தவர்களும் மறிக்கப்பட்டவர்களும் சேர்ந்து மரத்தைக் கொஞ்சம் புரட்டினோம். பஸ், மன்னிக்கவும், அடுப்பு தாண்டியதும் அவர்கள் மரத்தை இழுத்து அதே இடத்தில் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். போராட்டம் போராட்டம்தானே.

அணை தாண்டி ஏற்றம் தொடங்கியது. ஃபர்ஸ்ட் கியர். நடந்து போகிற ஒரு மலைக்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

"மணி இன்னாண்ணே?" என்றேன்.

மப்ளர் வாட்சைப் பார்த்துச் சொன்னார். நான் டிரைவர் பக்கம் திரும்பினேன்.

"டிரைவரண்ணே, கொஞ்சம் சீக்கிரமா போங்களேன்."

"சீக்கிரம் போனா மொச்ச தோலு தனி, பருப்பு தனின்னு ஆயிடும்மா. கண்டக்டரே, கொதி வந்துச்சா?"

"வந்துடுச்சி."

"பாதி மலை வந்ததும் கெழங்கப் போடு."

அடுத்த வளைவில் மறுபடி மணி கேட்டேன். அதற்கடுத்த வளைவிலும் கேட்டேன். மப்ளர் பதில் சொல்லச் சொல்ல அவர் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. பாதி மலைக்கு மேலே, நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆர்டரை மடியில் வைத்து, கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டிரைவரே," என்றார் மப்ளர். "கொஞ்சம் மிதிங்க."

"இன்னாது?"

"மிதிங்கன்றேன். அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல."

கொதி அண்ணன் திரும்பிப் பார்த்தார். "காலைல மரத்தப் போட்டவன் நீதானடா?"

"அது வேற, இது வேற."

"இன்னாடா வேற?"

"அது எல்லாருக்கும். இது இந்தப் பொண்ணுக்கு."

கொதி அண்ணன் அடுத்த வளைவையும் ஃபர்ஸ்ட் கியரிலேயே திருப்பினார். இன்ஜின் முனகியது. அந்த மலையில் அவர் அதுவரை செகண்ட் கியர் போட்டதே இல்லை என்று பின்னால் சொன்னார்கள். செகண்ட் போட்டு வேகமாகப் போனால் தூக்கு ஆடி, குழம்பு சிந்தி இன்ஜின்மேல் கொட்டும். கொட்டாமல் இருக்க வேண்டும் என்றால் தூக்கை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் வேகாது. இத்தனை வருஷத்தில் அந்தத் தூக்கு பாதி வேக்காட்டில் வெளியே வந்ததே இல்லை.

கொதி அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"கண்டக்டரே, பானட்டத் தெற. அதத் தூக்கி இவன் மடியில வை."

"அண்ணே!" என்றார் கண்டக்டர். "மொச்ச இன்னும் வேவலியே!"

"மொச்ச நாளைக்கும் வேவும்யா. இதுக்கு இன்னிக்கித்தான்."

தூக்கைக் கோணியில் சுற்றி மப்ளர் மடியில் வைத்தார்கள். செகண்ட் கியர் விழுந்தது. வண்டி எகிறியது. கோழிக் கூடை ஒன்று பின்னாலிருந்து முன்னால் வந்தது. மாப்பிள்ளை சாமி பெயரையெல்லாம் சொன்னார்.

"தொட சுடுதுண்ணே!" என்று மப்ளர் கத்தினார்.

"போராட்டம்னா சும்மாவா? கெட்டியாப் புடிடா!"

ஹாரன் கூடாது என்ற ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் மப்ளர்தான். "அடிங்கண்ணே ஹாரன, ஆடு குறுக்க வருது!" என்றார். அதன் பிறகு பள்ளிக்கூடம் வரும் வரைக்கும் ஹாரன் நிற்கவே இல்லை.

பள்ளிக்கூட வாசலில் ஹெட்மாஸ்டர் பூட்டைப் பூட்டிச் சாவியை உருவிக்கொண்டிருந்தார். பலகை திருப்பி வைத்த ஒரு பஸ், விடாமல் ஹாரன் அடித்தபடி, ஸ்டாப்பே இல்லாத இடத்தில் அவர்முன் வந்து நின்றது. அதிலிருந்து கசங்கிய புடவையோடு ஒரு பெண், துளசி மாலையோடு ஒரு கண்டக்டர், கையில் ஆவி பறக்கும் தூக்கோடு ஒரு மப்ளர் எல்லோரும் இறங்கினால் யாராக இருந்தாலும் பயப்படுவார்கள். "எல்லாம் நாளைக்கி பேசிக்கலாம்ப்பா" என்றார் அவர்.

"சார், ஆர்டர் சார்! இன்னிக்கித்தான் கடைசி சார்!" என்று நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மணியைப் பார்த்தார். பூட்டை மறுபடி திறந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை எழுதிவிட்டு, எழுத்து சரிதானா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் எழுதிப் பழகிய பெயர் அது. வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது, குளிரவே இல்லை.

"இன்னா, ஆச்சா?" என்றார் கொதி அண்ணன்.

"ஆச்சுண்ணே."

"அப்ப சரி." அவ்வளவுதான். உடனே தூக்கின் பக்கம் திரும்பி, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நின்றார்.

குழம்பு பாக்கி இருந்தது. கீழே பத்துப் பதினைந்து பேர் மரத்தின்மேல் காத்திருந்தார்கள். இறக்கத்தில் இன்ஜின் சூடாகாது. வேறு வழியில்லாமல், பள்ளிக்கூட விடுதிச் சமையற்கட்டு விறகடுப்பில் அந்தத் தூக்கை ஏற்றினோம். கொதி அண்ணன் சமையற்கட்டுக்குள் வரவே இல்லை. பிடிக்காத வீட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் போல வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆள் ஜாஸ்தி என்று சமையற்காரர் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றிய சத்தம் கேட்டபோது மட்டும் அவர் தோள் ஒருமுறை குலுங்கியது.

மொச்சை மாவாக வெந்ததும் புளியை ஊற்றினார்கள். கருணைக்கிழங்கு கரைந்து குழம்பு மறுபடி கெட்டியானது. கண்டக்டர் வழக்கம்போல் பயந்து பயந்து உப்புப் போட்டார். வெந்நீருக்கும் சேர்த்துப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு ஒரு தட்டில் சாமைச் சோறு வைத்து, மேலே குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். சம்பளக்காரியாக நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு. காது மடல் வரைக்கும் சூடு ஏறியது.

"எப்படி கீது?" என்றார் கொதி அண்ணன், எங்கேயோ பார்த்தபடி.

"ரொம்ப நல்லாருக்குண்ணே."

"பொக வாட அடிக்குது. இது கொழம்பே இல்ல. இன்னொரு நாளு வண்டில வா, நெஜக் கொழம்பு தரேன்."

அடுப்பு சொன்னபடியே கீழே போனது. மறுநாள் வண்டி மேலே வந்தபோது கண்டக்டர் சொன்னார்: மரத்தின்மேலேயே வரிசையாக உட்கார்ந்து குடித்தார்களாம். குடித்து முடித்து, சாயங்காலம் தாண்டிவிட்டதால் மரத்தை அவர்களே ஓரமாக இழுத்துப் போட்டார்களாம். மப்ளர் தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சிண்ணே. உப்பு மட்டும்..." என்று ஆரம்பித்தாராம். கண்டக்டர் அவர் வாயைப் பொத்திவிட்டாராம்.

அதன் பிறகு கொதி அண்ணனைச் சின்னசேலம் லைனுக்கு மாற்றினார்கள். தரை ரோடு. ஒரு மேடு கிடையாது. ரயில்வே கேட்டில் மணிக்கணக்கில் நின்றாலும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறாது. ஒரு வருஷம் அவர் டிபன் பாக்ஸில் இட்லி கொண்டுபோனார் என்று கேள்விப்பட்டு எங்கள் பள்ளிக்கூடமே வருத்தப்பட்டது. இந்த மார்கழியில் ஒரு காலை, பனிக்குள்ளிருந்து அந்த ஹாரன் கேட்டது. பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். பஸ் கண்ணுக்குத் தெரியும் முன்பே பூண்டு வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

குளிர்காலத்துக்கு ஏற்ற குழம்பு ஒன்று எழுதுங்கள் என்று வாசகிகள் கேட்கிறார்கள். மேலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மொச்சையையும் கொள்ளையும் முந்தின நாளே ஊறவையுங்கள். பூண்டைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள். கிழங்கு பாதி மலையில், புளி அதற்கும் மேலே. மலை இல்லாதவர்கள் சின்னத் தீயில் வையுங்கள், அவசரப்படாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிப் பிள்ளைகளுக்கு நானே இதைச் செய்கிறேன். போன வாரம் ஒரு வாண்டு தட்டை நக்கிவிட்டு நிமிர்ந்தது.

"டீச்சர், உப்பு கம்மி."

"தெரியும்" என்றேன். "அது அப்படித்தான் இருக்கணும்."